நாச்சிமுத்து கொடுத்த குண்டா

நடந்ததை நம்பாதவர்கள் முதலில் ஃபெலிக்ஸின் வலது முழங்காலைப் பார்க்க வேண்டும், எட்டுத் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில், ஓட்டம் நின்றுபோன ஒரு பழைய நூல்மில்லை அறை அறையாகத் தடுத்து ஷட்டர் போட்டு, வீடு மாறுகிறவர்களும் வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும் வீடே இல்லாமல் போனவர்களும் தங்கள் தட்டுமுட்டுகளை மாத வாடகைக்குப் பூட்டி வைத்துக்கொள்ள ஓர் இடம் நடக்கிறது. போர்டில் என்னவோ நீளமாக எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குச் சாமான் ஆஸ்டல் என்றுதான் பெயர், அதன் மேனேஜர் ஃபெலிக்ஸுக்கு வார்டன் என்றுதான் பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வார்டன் கேட்டைத் திறந்தபோது, பதினொன்றாம் அறை தொடங்கிப் பத்தொன்பதாம் அறை வரைக்கும் ஒன்பது பூட்டுகளும் அறுபட்டுக் கிடந்தன, ஒன்பது அறைகளும் பெருக்கி விட்டதுபோல் காலியாக இருந்தன, வாசலில் லாரி டயரின் தடம் புதிதாக இருந்தது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு போன் இருக்கிற இடத்துக்கு நடு ஹால் வழியாக ஓடினார். அந்தப் பெரிய வெறும் ஹாலில், வெளிச்சமும் தூசியும் தவிர ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு கட்டிலின் மூலை அவருடைய முழங்காலைக் கிழித்தது.

விழுந்தவர் எழுந்திருக்கக் கையை ஊன்றினார், கை ஒரு கிரைண்டரில் ஊன்றியது. தடவிக்கொண்டே போனார். பீரோ இருந்தது, தையல் மிஷின் இருந்தது, மூட்டை மூட்டையாகப் பாத்திரங்கள் இருந்தன, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. திருடர்கள் வந்தது உண்மை, ஒன்பது அறைச் சாமான்களையும் ஹாலில் கொண்டுவந்து குவித்ததும் உண்மை, குவித்ததை லாரியில் ஏற்றியதும் உண்மை; ஆனால் அவர்களோடு போனது சாமான்களின் தோற்றம் மட்டும்தான், சாமான்கள் இங்கேயே தங்கிவிட்டன.

வசந்தாமணிக்குப் போன் வந்தபோது அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றிருந்தாள். பதினாறு வருடமாக அதே வேலை, தைத்து வருகிற துணியை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பிழை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது. கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடும், பிழை ஊசியால் வந்ததா நூலால் வந்ததா அல்லது தைத்தவள் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்ததால் வந்ததா என்பதுவரைக்கும் அவள் சொல்லிவிடுவாள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். பதினாலாம் அறை அவளுடையது. ஒன்பது வருடங்களுக்கு முன் மங்கலத்துக் கணவன் வீட்டிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பிக் கொடுக்கச் செய்த கல்யாணச் சீர் மொத்தமும் அந்த அறையில்தான் இருந்தது. அவள் இருந்தது பத்துக்குப் பத்து லைன் வீட்டில். அங்கே ஒருத்தி நீட்டிப் படுத்தால் இன்னொருத்தி உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். மகள் மௌனிகா ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். காலேஜ் ஆஸ்டலில் லீவு விடும்போதெல்லாம் சிநேகிதிகள் வீட்டுக்குப் போய்விடுவாள். போன வாரம் போனில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறமாதிரி, குறையே இல்லாத குரலில் கேட்டாள்:

"வெள்ளிக்கிழமையிலிருந்து லீவும்மா. இந்தத் தடவை யாரூட்டுக்குப் போகட்டும்?"

"எங்கேயும் போகாத," என்றாள் வசந்தாமணி. "நம்மூட்டுக்கு வா."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வீட்டைத் தேடினாள். ஒன்பது இடங்களில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள், அவள் உண்மையைச் சொன்னாள், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பத்தாவது வீடு தனபாக்கியம் என்ற அம்மாளுடையது, பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. தனபாக்கியத்துக்கு அறுபது வயதிருக்கும், தெருவில் நடப்பதில் அந்தம்மாளுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

"ஒத்தையா வர்ற பொம்பளைக்கு ஊடு உடறதில்லீங் அம்மிணி. ஊட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"மஸ்கட்ல இருக்கறாருங்க," என்று வாயில் வந்தது வசந்தாமணிக்கு. "வெல்டிங் வேலைங்க." மஸ்கட்டும் வெல்டிங்கும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை.

தனபாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு பாயும் ஒரு பக்கெட்டும் தூக்கீட்டு வர்றவங்களை நான் நம்பறதில்லை. குடும்பம்னா சாமான் இருக்கோணும். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் கொண்டாங்க, எங்கண்ணால பார்த்துட்டுத்தான் சாவி குடுப்பேன்."

கண்ணால் பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனது அதற்கு நாலாவது நாள்.

விசாரிக்க வந்தவர் மருதாசலம் ஏட்டு. மாடு திருட்டு, மோட்டார் திருட்டு, ஒரு தடவை கோயில் மணியின் நாக்கை மட்டும் கழற்றிக்கொண்டு போன திருட்டு என்று இருபத்தாறு வருடச் சர்வீசில் பலதும் பார்த்தவர், ஆகையால் அவர் ஆச்சரியப்படவில்லை.

"என்னய்யா போச்சு?"

"ஒண்ணும் போகலீங் ஏட்டய்யா," என்றார் ஃபெலிக்ஸ், காலில் கட்டோடு.

"அப்பறம் எதுக்குய்யா கூப்ட்ட?"

"எல்லாமே போயிருச்சுங்க."

ஏட்டு காற்றில் துழாவி ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்து, இன்னொரு துழாவலில் ஒரு மேசையை முன்னால் இழுத்து, அதன்மேல் பேப்பரை வைத்து, களவுபோன பொருள் என்ற இடத்தில் 'தோற்றம்' என்று எழுதினார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்து, சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் கறாராக இருந்தார்: ஒன்பது அறைச் சாமானும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால், ஆளுக்கொரு லிஸ்ட் எழுதித் தர வேண்டும், ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்லித் தொட்டுக் காட்ட வேண்டும், லிஸ்ட் முழுக்க டிக் விழுந்த பிறகுதான் யார் சாமானும் வெளியே போகும், ஒன்று இடித்தாலும் மொத்தமும் நிற்கும்.

மறுநாள் புதன்கிழமை அவிநாசிக்கு அந்தப்பக்கம் ஒரு பொட்டல் காட்டில் தோற்றங்கள் கிடைத்தன. லாரி லோடு ஏற்றினமாதிரியே இல்லாமல் இறகுபோல ஓடுகிறதே என்று டிரைவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கண்ணுக்கு இருக்கிறது, பிடித்தால் கை அந்தப்பக்கம் போகிறது. பயந்துபோய் லாரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட, தோற்றங்கள் காட்டிலேயே நின்றுவிட்டன. ஊரே பார்க்கப் போனது. சுண்டல் வண்டியும் ஐஸ் வண்டியும் வந்தன. வசந்தாமணியும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். அவளுடைய கட்டிலுக்கு நட்ட நடுவே ஒரு வெள்ளாடு, கட்டில் சட்டம் வயிற்றுக்குள் புகுந்து முதுகில் வெளிவர, நிதானமாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. ஒன்பது வருடம் இருட்டறையில் இருந்த சாமான்களா இவ்வளவு மினுமினுப்பாக இருக்கின்றன என்று அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்; நகர்த்த முடியாது, திருப்பிப் பார்க்க முடியாது, எந்தப்பக்கம் காட்டிக்கொண்டு விழுந்தனவோ அந்தப்பக்கத்தையே அவை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தன. போலீஸ் ஒரு கிரைண்டரைத் தூக்கிவந்து அதனுடைய தோற்றத்துக்குள் இறக்கி வைத்தது, கச்சிதமாகப் பொருந்தியது, கூட்டம் கைதட்டியது. திரும்பத் தூக்கினால் கிரைண்டர் மட்டும் வந்தது, தோற்றம் காட்டோடு வேர் விட்டிருந்தது. சரி, பார்ப்பதற்கு அங்கே, புழங்குவதற்கு இங்கே என்று ஜனங்கள் பழகிக்கொண்டார்கள்.

ஆஸ்டலிலும் அப்படித்தான் பழகிப்போனது. பக்கத்து வீதிப் பெண்கள் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வந்து, இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பீரோ மூலைகளிலும் கட்டில் முனைகளிலும் பொட்டு வைத்தார்கள், ஹால் முழுக்க அந்தரத்தில் சிவப்புப் புள்ளிகள் நின்றன. பதினேழாம் அறைக்காரர் அருணகிரி, மின்வாரியத்தில் ரிட்டயரானவர், தன் பீரோவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துப் பார்த்தார். பீரோ தெரிந்தது, ஆனால் யாரோ ஒருத்தருடைய பீரோ மாதிரித் தெரிந்தது, மனசு ஒப்பாமல் டர்பன்டைன் போட்டுத் துடைத்துவிட்டு, கையால் தடவிப் பார்த்து, இதுதான் எம்பீரோ என்று சமாதானமானார்.

பாத்திரங்கள்தான் சிக்கலாக இருந்தன. ஒன்பது குடும்பத்துப் பாத்திரம், முந்நூறுக்கு மேல். ஆனால் கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி எல்லாம் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கும், அது கண் இல்லாமலும் படிக்கிற எழுத்து. ஆனாலும் எல்லா விரலும் அதைப் படித்துவிடாது. வசந்தாமணி ஒரு தூக்குப்போசியை எடுத்து அடியில் ஒரு தடவு தடவி, "பெரியநாயகி, முத்தூர், ரெண்டாயிரத்து ஒண்ணு," என்றாள். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அப்புறம் புதன் சாயங்காலமும் வியாழன் காலையும் அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, கைக்கு வந்த வெறுமையை எல்லாம் தடவித் தடவி ஊர் பேரும் ஆள் பேரும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அது யார் வீட்டுக் கல்யாணம், அந்தப் பந்தியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார் என்று கதைகள் கிளம்பி, முன்பின் தெரியாமல் அங்கே கூடியிருந்த அறைக்காரர்கள் எல்லோரும் ஏழெட்டுக் கல்யாணங்களுக்குக் கூடிப் போய்வந்தவர்கள்போல் ஆகிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து கடைசியில் ஒரே அளவில் மூன்று குண்டாக்கள் மிஞ்சின. சோறு வடிக்கவும் பால் காய்ச்சவும் ஆகிற, வாய் அகன்ற எவர்சில்வர் குண்டாக்கள். மூன்றிலும் ஒரே பெயர்.

"நாச்சிமுத்து, காளிபாளையம்," என்றாள் வசந்தாமணி. "இதுலயும் நாச்சிமுத்து. இதுலயும்."

"அட, அந்த மனுசன் எங்க கல்யாணத்துக்கும் வந்தாருங்க!" என்றாள் பன்னிரண்டாம் அறை ஷமீம் பானு. "பிரியாணியில உப்புக் கம்மின்னுட்டு மூணு தடவை வாங்கித் தின்னாரு."

அருணகிரிக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பத்திரிகை வைத்தவர் வைக்காதவர் என்று பார்க்காமல் எல்லாக் கல்யாணத்துக்கும் போகிறவர் நாச்சிமுத்து; குண்டாக்களை டஜன் டஜனாக வாங்கி, தன் பெயரை மட்டும் முன்கூட்டியே வெட்டி அடுக்கி வைத்திருப்பார், வாங்குகிறவர் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. அந்தப் பெரிய மனசு செய்த வேலையால் இப்போது மூன்று லிஸ்ட்கள் டிக் விழாமல் நின்றன.

"ஒடுக்கு வச்சுப் பார்த்தறலாம்," என்றார் ஏட்டு. "புழங்கின பாத்திரம்னா ஒடுக்கு இருக்கும். யாரு பாத்திரத்துல எங்க ஒடுக்கு, எப்படி ஒடுங்குச்சுன்னு சொல்லுங்க. நான் தொட்டுப் பார்க்கறேன்."

அந்த நேரத்தில்தான், குங்குமப் பொட்டுகளுக்கு நடுவே முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தனபாக்கியம் வந்தாள். சந்தையில் கேள்விப்பட்டு, நாளைக்கு வரப்போகிற சாமான் என்ன ஆனது என்று பார்க்க வந்தவள். வசந்தாமணி எழுந்து அவள் கையைப் பிடித்துத் தன்னுடைய கட்டிலில் உட்கார வைத்தாள். தனபாக்கியம் மெதுவாக அமர்ந்து, தன் கால்கள் தரையிலிருந்து அரை அடி மேலே ஆடுவதைக் குனிந்து பார்த்து, பக்கத்தில் இருந்த சட்டத்தை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"தேக்கா?"

"வேங்கைங்க."

"ம்," என்றாள் தனபாக்கியம்.

ஷமீம் பானு முதலில் சொன்னாள்: தண்ணீர்த் தொட்டிக் கல்லில் கை வழுக்கி விழுந்தது, அடியில் ஒரு பக்கம் சப்பட்டையாக இருக்கும். ஏட்டு தடவினார், முதல் குண்டா அப்படியே இருந்தது. அருணகிரி சொன்னார்: பேத்திக்குச் சோறு ஊட்டுகிற நேரமெல்லாம் அவள் கையில் கரண்டியைக் கொடுத்துக் குண்டாவைக் கவிழ்த்து வைப்பார்கள், சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழியாக இருக்கும். இரண்டாவது குண்டா அதுதான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மிச்சம் ஒண்ணு. உங்குளுதுதான அம்மிணி? எப்படிங் ஒடுங்குச்சு?"

வசந்தாமணி தனபாக்கியத்தைப் பார்த்தாள். "கை தவறிக் கீழ விழுந்துச்சுங்க."

ஏட்டு குண்டாவைத் திருப்பித் திருப்பித் தடவினார். "கீழ விழுந்தா அடியிலயோ இடுப்புலயோ ஒடுங்கோணும். இது வாய்க்கிட்ட ஒரே இடத்துல ஆழமா உள்ள வாங்கியிருக்குது, எதிர்ப்பக்கம் விளிம்பு வேற மடங்கியிருக்குது. ரெண்டு இடத்துல அடிபட்டிருக்குது. பதினாறாம் ரூம்காரரு துபாயில இருக்கறாரு, ஒருவேளை இது அவருதா இருக்கும். அவரு வர்ற வரைக்கும் அவரு லிஸ்ட்டும் உங்க லிஸ்ட்டும் நிக்கட்டுங்க."

அவர் சொன்னது சரி என்று அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். பிழையைத் தொட்டு அது வந்த வழியைச் சொல்கிறவளால் ஒரு பிழைக்குப் பொய்வழி சொல்ல முடியவில்லை. குண்டாவை இன்னொருவருடையது என்று விட்டாலும் லிஸ்ட் நிற்கும், சாமான் வராது, வீடு கிடைக்காது. உள்ளதைச் சொன்னால் சாமான் வரும், வைப்பதற்கு வீடு இருக்காது. நாளைக்கு மத்தியானம் மௌனிகா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குவாள். வசந்தாமணி ஏட்டின் கையிலிருந்து குண்டாவை வாங்கினாள். வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் தெரிய, அதன் வாயைத் தன் இடது தோளுக்குக் கொண்டுபோய், கழுத்தெலும்பு முடிகிற இடத்தில் வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளம் எலும்பின்மேல் வந்து அச்சாக உட்கார்ந்ததில் அவளுடைய சேலை அந்த அளவுக்கு அமுங்கியது.

"இங்க பட்டுதுங்க," என்றாள். "பட்டுட்டுப் போய்ச் செவுத்துல பட்டுது. அதுதான் எதிர்ப்பக்கம் மடங்கினது. எங்கூட்டுக்காரரு எறிஞ்சது. உள்ள பால் இருந்துது."

ஏட்டு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீம் பானு தன் குண்டாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"மஸ்கட்ல இருந்தா எறிஞ்சாரு?" என்றாள் தனபாக்கியம்.

"மங்கலத்துல இருந்துங்க. நான் வந்து ஒம்பது வருசமாச்சு. மஸ்கட்ல யாருமில்லீங்க."

தனபாக்கியம் கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். கையை நீட்டினாள், வசந்தாமணி குண்டாவை அந்தக் கையில் வைத்தாள். அந்தம்மாள் பள்ளத்தில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள், மடங்கின விளிம்பைத் தடவினாள், உள்ளே கையை விட்டுக் கனம் பார்த்தாள், கிழங்கு வாங்குகிறவள்போல அவசரமே இல்லாமல் எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டிச் சில்வரு," என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள். வசந்தாமணி பின்னால் போகவில்லை. ஏட்டு மட்டும் சத்தமில்லாமல் ஒரு டிக் போட்டார்.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே தனபாக்கியம் திரும்பினாள். "நாளைக்குப் பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பால் காச்சீரோணும். லேட்டாக்காத."

"அம்மா… ஊடு…"

"சாமான் இருந்தா ஊடுன்னுதான நான் சொன்னேன்? இருக்குதல்ல? தொட்டுப் பார்த்தனே." ஒரு படி இறங்கிவிட்டு, "இன்னொருக்கா எங்கிட்ட மஸ்கட்டுன்னு பேச்செடுத்தீன்னா மட்டும் பாரு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தெரு ஒரு காலி மினிலாரி கனத்தில் திணறிக்கொண்டு வருவதைப் பார்த்தது. நாலு பேர் ஒன்றுமில்லாததைத் தூக்கிக்கொண்டு, வலது பக்கம் திருப்பு, தலையைக் குனி, வாசல் நெலவு இடிக்குது என்று கத்திக்கொண்டு உள்ளே போவதும் வெறுங்கையோடு வெளியே வருவதுமாக இருந்தார்கள். ஒன்பதேமுக்காலுக்கு வசந்தாமணி அடுப்பைப் பற்றவைத்து, குண்டாவை வைத்து, பாலை ஊற்றினாள். நீல நெருப்புக்கு மேலே பால் மட்டும் உருண்டையாக நின்றது, மேல்பக்கம் ஒரு இடத்தில் உள்வாங்கி. ஷமீம் பானுவும் அருணகிரியும் ஃபெலிக்ஸும் வந்திருந்தார்கள். பால் ஆடை கட்டி, நடுங்கி, வெள்ளையாக எழும்பி, எந்தப்பக்கம் வழியும் என்று எல்லோரும் பார்த்திருக்க, கிழக்கே வழிந்தது. தனபாக்கியம் தன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆளுக்கொரு வாய் பாலைத் தானே ஊற்றிக் கொடுத்தாள்.

மத்தியானம் மௌனிகா வந்தாள். இரவெல்லாம் வார்டில் டூட்டி பார்த்துவிட்டு நேராகப் பஸ் ஏறியவள். பையை வைத்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், வெறும் சுவர், வெறும் தரை. அம்மா அவள் கையைப் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். மௌனிகா சட்டத்தைத் தடவிக்கொண்டே போனாள். பத்து வயதில் அவள் பல்லால் கடித்த இடம் கைக்குத் தட்டுப்பட்டதும் நின்று, சிரித்து, ஒன்றும் கேட்காமல் ஏறிப் படுத்து, கையையும் காலையும் முழுசாக நீட்டித் தூங்கிப்போனாள்.

மூன்று மணி வாக்கில் எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலில் தனபாக்கியம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கோவ், குடும்பம் குடி வந்திருக்குதுன்னீங்க, ஊடு வெறும் ஊடாக் கெடக்குது? அந்தப் புள்ளை வேற அந்தரத்துல…"

"மெதுவாப் பேசு," என்றாள் தனபாக்கியம், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "புள்ள தூங்குது."